திரை கறுப்பாக இருந்தால் அத்தா நலம்

1

காலை ஒன்பதே காலுக்குத் திரை கறுப்பாக வந்தால்தான் எனக்கு அன்றைய கோப்பி தொண்டையில் இறங்கும்.

இதை அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள். கறுப்புத் திரை என்றால் கோளாறு. அதை நீக்கத்தான் எனக்குச் சம்பளம். ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். நாங்கள் ஐந்து பேர். சின்னக் கடைகள், மருந்தகங்கள், டியூஷன் வகுப்புகள் இவற்றின் கணினிகளை இருந்த இடத்திலிருந்தே பழுது பார்ப்பது எங்கள் தொழில். தேக்காவில் ஒரு நகைக்கடைக்காரரின் கணினி படுத்துவிட்டால் நான் வெயிலில் நடந்து போக வேண்டியதில்லை. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போய், அவருடைய திரையை என் மேசையில் விரித்து வைத்துச் சரிசெய்துவிட்டு வந்துவிடுவேன். போகுமுன் அவர் திரையில் 'அனுமதிக்கிறீர்களா?' என்று ஒரு பெட்டி எழும்பும். அவர் ஆம் என்று அழுத்த வேண்டும். அழுத்தாமல் நுழைந்தது தெரிந்தால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது.

பதினேழு வருடமாக இந்த ஒழுங்கைக் கட்டிக்காத்தவன் நான். என்னைப் பெற்ற அத்தாவின் கணினியில் மட்டும் அந்தப் பெட்டி வராத முறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஊரில் பெற்றவர்களை விட்டுவிட்டு வந்த யாராவது இதைப் படித்தால், என்னைத் திட்டுவதற்கு முன் முழுவதும் படித்துவிடுங்கள்.

2

அத்தா நாகப்பட்டினம் பக்கத்தில் எங்கள் ஊரில் பத்திர எழுத்தர். வயது எழுபத்தாறு. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டாலும், பாகப்பிரிவினை, தானப்பத்திரம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு ஆட்கள் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. பழைய கணினி ஒன்றில் நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அவருக்குப் பழகிய தட்டச்சு விசைமுறையே அதில் கிடைத்ததால் சண்டை போடாமல் ஏற்றுக்கொண்டார். காலை பஜ்ரு தொழுதுவிட்டு ஆறு மணிக்கெல்லாம் அதன்முன் உட்கார்ந்தால் நண்பகல் லுஹர் தொழுகை வரை எழுந்திருக்க மாட்டார். இடையில் தேநீருக்கு மட்டும் போய்வருவார். இரவு படுக்குமுன் கடையைச் சாத்துவதுபோல லாக் அவுட் செய்வார். கணினி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அம்மா மவுத்தாகி நான்கு வருடம். அதற்குப் பிறகு அத்தா தனியாகத்தான் இருக்கிறார். ஒருமுறை குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பதினோராவது மாடியில் உட்கார்ந்து எதிர் பிளாக்கில் காயும் துணிகளை மூன்று வாரம் பார்த்தார். விசா முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போதே கிளம்பிவிட்டார். "இங்க யாரும் என்கிட்ட எதையும் எழுதித் தரச் சொல்ல மாட்டேங்கறாங்க தம்பி" என்பதுதான் காரணம்.

போன பெருநாளுக்கு மறுவாரம் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். எழ முடியாமல் இரண்டு மணி நேரம் சிமெண்டுத் தரையிலேயே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு செல்வி அக்கா ஏதோ மனு எழுதி வாங்க வந்தபோதுதான் பார்த்துத் தூக்கியிருக்கிறார். எனக்கு நான்காம் நாள்தான் தெரியும், அதுவும் செல்வி அக்கா சொல்லி. அத்தாவிடம் சத்தம் போட்டேன்.

"சொல்லி என்னா ஆவப் போவுது? ஏரோப்ளேன்ல வந்து தூக்கி விடுவியா?" என்றார்.

அம்மாவின் ஜனாஸாவுக்கே நான் போய்ச் சேரவில்லை. எங்களில் அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். விமானம், பேருந்து, கார் என்று மாறிமாறி நான் போய் இறங்கியபோது கபுருக்கு மேல் மண் காயத் தொடங்கியிருந்தது. அன்றிலிருந்து எந்த நேரம் ஊர் எண்ணிலிருந்து போன் வந்தாலும் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பேன், அப்புறம்தான் எடுப்பேன்.

3

"உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறுன்னா இங்கேருந்தே பாத்துக்கறேன் அத்தா" என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

முதல் தடை ஊர் இணைய நிறுவனம். எங்கள் வீட்டு இணைப்புக்கு வெளியிலிருந்து நேராக வர முகவரி கிடையாது. ஒரு பிளாக் முழுவதற்கும் ஒரே கதவு எண்ணை வைத்தால் தபால்காரர் என்ன செய்வார்? அந்த நிலைமை. தனி முகவரி கேட்டு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். இசை, காத்திருப்பு, மறுபடி இசை. கடைசியில் ஒரு பெண் குரல்.

"சார், கனெக்‌ஷன் மேடம் பேர்ல இருக்கு. அக்கவுன்ட் ஹோல்டர்கிட்ட லைனைக் குடுங்க."

"அவங்க இல்லைங்க."

"எப்ப வருவாங்க சார்?"

இணைப்பு இன்னும் அம்மாவின் பெயரில் இருக்கிறது. ஊர்ச் சொத்தையெல்லாம் செத்தவர் பெயரிலிருந்து இருப்பவர் பெயருக்கு மாற்றி எழுதிய மனிதர், மாதாமாதம் அம்மாவின் பெயருக்கு வருகிற அந்த ஒரு ரசீதை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் "பிறகு பேசுகிறேன்" என்று வைத்துவிட்டு வேறு வழி தேடினேன். இரண்டு கணினிகளும் தாமாகவே வெளியே வந்து ஒரு பொது இடத்தில் கைகோத்துக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு யாருடைய பெயரும் தேவையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனில் கட்டளைகளைச் சொல்லச்சொல்ல, அத்தா அடித்தார். பத்திர எழுத்தரின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டி, விளங்கிற்றா என்று கேட்காமல் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டார்கள். என்னையும் விடவில்லை.

"எஸ், யு, டி, ஓ. அடிச்சுட்டேன். இது என்னா செய்யும்?"

"பவர் பத்திரம் மாதிரி அத்தா. பின்னாடி வர்ற கட்டளையைச் செய்ய அதிகாரம்."

"யாருக்குப் பவரு? ஒனக்கா, எனக்கா?"

"இப்போதைக்கு உங்களுக்குத்தான்."

"எண்டர் தட்டலாமா?"

இப்படியே வரி வரியாக. ஐந்து நிமிட வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசிக் கட்டளைக்கு முன் நிறுத்தினார்.

"இதுக்கு அப்புறம் நீ எப்ப வேணாலும் உள்ள வரலாமா, இல்ல நான் கூப்பிட்டாத்தானா?"

"நீங்க கூப்பிட்டாத்தான் அத்தா."

"அந்த ஷரத்தை மனசுல எழுதிக்க" என்று சொல்லிவிட்டுத் தட்டினார்.

4

வேலை செய்யவில்லை. பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, கொடுத்ததும் திரை கறுத்து நின்றது. அரை நிமிடத்தில் தானாக மூடிக்கொண்டது. அடுத்த ஞாயிறும் அதே கறுப்பு. பிறர் கணினிகளில் ஊசி முனையளவு கோளாறையும் பிடித்துவிடுகிறவன், என் வீட்டு வாசலில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு யோசனை தோன்றி, "எல்லாத்தையும் மூடிட்டு லாக் அவுட் பண்ணுங்க அத்தா, இப்பப் பாப்போம்" என்றேன். அவர் செய்த மறுகணம் என் திரையில் அவருடைய மேசை விரிந்தது.

விஷயம் இதுதான். ஒரு பெயரில் ஒருவர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால், அதே பெயரில் வெளியிலிருந்து வருபவருக்கு வெறும் கறுப்புதான் கிடைக்கும். அவர் எழுந்தால்தான் எனக்கு இடம். இதை அத்தாவுக்கும் விளக்கினேன். "ஒரு நாற்காலி, ஒரு ஆளு. சரிதான்" என்றார்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. எனக்குத் தெரியும். நான் செய்யவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலை, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சும்மா பார்க்கலாம் என்று நுழைந்தேன். இங்கே ஒன்பதே கால், ஊரில் ஆறே முக்கால். திரை கறுப்பு. அப்படியானால் அத்தா எழுந்திருக்கிறார், தொழுதுவிட்டார், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குள் எதுவோ இளகியது. மறுநாளும் பார்த்தேன். பிறகு தினமும். உள்ளே எதையும் பார்க்கவில்லையே, கதவு சாத்தியிருக்கிறதா என்று தள்ளித்தானே பார்க்கிறேன் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன்.

மூன்று முறை இணைப்பே கிடைக்கவில்லை. மூன்று முறையும் ஐந்து நிமிடத்துக்குள் பதறிப்போய் அவரைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் மின்வெட்டு. மற்ற நாட்களில் கறுப்பைப் பார்த்துவிட்டு, கோப்பியைக் குடித்துவிட்டு, வேலையைப் பார்த்தேன். முன்பெல்லாம் தினமும் காலையில் அவரோடு போனில் பேசிய கால்மணி நேரம் மிச்சமானது. அந்தக் கால்மணியை என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

5

என் மகள் நஸீமாவுக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் அவளுக்குப் பரீட்சையோடு முடிந்துவிட்டது. தாத்தாவிடம் போனில் "நல்லா இருக்கீங்களா, சாப்டிங்களா" என்று இரண்டு வரி சொல்லிவிட்டு என் கையில் திணித்துவிட்டு ஓடுவாள். என்னிடமும் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. காலேஜ், ப்ராஜெக்ட், நண்பர்கள். வீட்டுக்கு வரும் நேரம் தள்ளித் தள்ளிப் போகிறது. அவள் இருக்குமிடம் என் போனில் ஒரு புள்ளியாகத் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வோம் என்றேன்.

"அத்தா, ப்ளீஸ் லா. அந்த டாட்டைப் பாத்துட்டு என்ன தெரியப் போவுது? டாட்டு மூவ் ஆகலைன்னா பேனிக் ஆவீங்க. எங்க இருக்கேன்னு என்னையே கேக்கலாம்ல?"

"கேட்டா சொல்றியா?"

"நீங்க கேக்கறதே இல்ல, தட்ஸ் த பாயின்ட்."

ஒரு சனிக்கிழமை காலை உணவு மேசையில் நான் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் எட்டிப் பார்த்தாள். என்ன என்று கேட்டாள். பெருமையாகவே விளக்கினேன்.

"தாத்தாவுக்குத் தெரியுமா, டெய்லி இப்படிச் செக் பண்றீங்கன்னு?"

"தாத்தாவுக்கு எதுக்கு அதெல்லாம்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ரொட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம் அவள் இல்லை என்பது அப்போதே தெரியும்.

6

போன வாரம் உட்லண்ட்ஸில் ஒரு வாடிக்கையாளரின் கணினி, தூரத்திலிருந்து சரிசெய்ய முடியாத அளவுக்குப் படுத்துவிட்டது. நேரில் போகவேண்டியிருந்தது. ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறி, இடம் கிடைத்து உட்கார்ந்தேன். மணி எட்டு ஐம்பத்தைந்து. இருபது நிமிடம் முன்னதாக இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. ஊரில் ஆறு இருபத்தைந்து. அத்தா உட்கார்ந்து கால்மணியாவது ஆகியிருக்கும்.

பெயர். கடவுச்சொல்.

திரை திறந்தது.

பளிச்சென்று, எந்தத் தடையும் இல்லாமல், அத்தாவின் மேசை என் உள்ளங்கையில் விரிந்தது. கிரயம், தானம், மனுக்கள், இதரம் என்று அவர் வரிசையாக வைத்திருக்கும் நான்கு கோப்புறைகள். மூலையில் கடிகாரம். என் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் முறை இப்படி ஒரு திரை திறந்து, அப்பாடா என்று மூச்சு விட்டிருக்கிறேன். அன்று மூச்சு நின்றது. நாற்காலி காலி.

போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. கொல்லைப்புறம், சிமெண்டுத் தரை, அவருடைய வெள்ளைக் கைலி எல்லாம் கண்முன் வந்தன. செல்வி அக்காவைக் கூப்பிட்டேன்.

"நான் திருவாரூர்ல மவ வீட்ல இருக்கேனே தம்பி! என்னா, அய்யாவுக்கு என்னா?"

"போன் எடுக்கல அக்கா."

"பதறாதிங்க. பால்காரர் நம்பர் இருக்கு, போய்ப் பாக்கச் சொல்றேன்."

வைத்துவிட்டு நாலாவது முறை அத்தாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அதற்குள் மனம் எங்கெங்கோ போய்விட்டது. திருச்சிக்கு அடுத்த விமானம் எத்தனை மணிக்கு, கடவுச்சீட்டு எந்த இழுப்பறையில், விடுப்பை யாரிடம் சொல்வது, எனக்காக அடக்கத்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவருக்கு உயிர் இருக்கிறதா என்று நினைப்பதற்கு முன்பே, நான் போய்ச் சேர்வேனா என்று கணக்குப் போட்டேன். என்னைப் போன்றவர்களின் பயம் அப்படித்தான் பழகியிருக்கிறது.

கணினியில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. யார் எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்று நிமிடக் கணக்காகச் சொல்லிவிடும். தினமும் வேலையில் நான் பயன்படுத்துவது. அன்று அதை அடித்திருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். ஞாபகமே வரவில்லை.

கிராஞ்சி நிலையம் தாண்டும்போது போன் அடித்தது. அத்தாவின் எண்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என்னா தம்பி, நாலு தடவை அடிச்சிருக்க?"

"எங்க போனீங்க அத்தா!" என்று கத்திவிட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி திடுக்கிட்டுத் தன் பையை அணைத்துக்கொண்டார்.

"குளிச்சுக்கிட்டு இருந்தேன். நீ ஆறே முக்காலுக்குத்தான பாப்ப? அதுக்குள்ள குளிச்சிட்டு வந்து போன் பக்கத்துல ஒக்காந்துக்கலாம்னு நெனச்சேன். இன்னிக்கி முன்னாடியே பாத்துட்டியே."

எனக்கு விளங்கவில்லை.

"என்னத்தைப் பாத்தேன்?"

"தொறந்துச்சுல்ல? நான்தான் லாக் அவுட் பண்ணிட்டு எந்திரிச்சேன்."

7

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"கரண்ட்டு போன அன்னிக்கெல்லாம் ஆறே முக்கால் தாண்டி அஞ்சு நிமிசத்துல கூப்புடற. கம்ப்யூட்டரு நல்லா ஓடற நாள்ல கூப்புடறதே இல்ல. கடைசியா நீ பேசிப் பன்னெண்டு நாளாச்சு. முப்பத்தெட்டு வருசம் பத்திரம் எழுதுனவன் தம்பி நான். ரெண்டு தேதியப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கத் தெரியாதா? அதான், நான் எந்திரிச்சா நீ வருவியான்னு பாத்தேன்."

"அத்தா, ஷரத்தை மீறிட்டேன். நீங்க கூப்பிட்டாத்தான்னு சொல்லிட்டு…"

"அது கெடக்குது. அதுக்கா நான் வருத்தப்படறேன்? பெத்த புள்ள பாத்துட்டுப் போறான், எனக்கென்னா நட்டம்."

பால்காரர் வாசலில் கூப்பிடும் சத்தமும், "ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்று அத்தா அவருக்குச் சொல்லும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்தார்.

"நீ அங்கேருந்து பாக்குற. கறுப்பா இருந்தா அத்தா நல்லா இருக்காருன்னு தெரிஞ்சுக்கற. சரி. நீ நல்லா இருக்கியான்னு நான் எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது?"

ரயில் உட்லண்ட்ஸில் நின்றது. எல்லை கடக்கும் பாலத்துக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் என்று ஒரு கூட்டம் இறங்கி ஒரு கூட்டம் ஏறியது. நான் எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. வாடிக்கையாளர் காத்திருப்பார் என்பது தெரிந்தும் என்னால் போனைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

"தம்பி, இருக்கியா? பசியாறிட்டியா?"

"இன்னும் இல்ல அத்தா."

"மணி ஒம்பது ஆயிருக்குமே அங்க. ஏன்?"

"தெனமும் உங்களைப் பாத்துட்டுத்தான் கோப்பியே குடிப்பேன்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இதை ஒரு நாளாவது போன்ல சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அத்தா.

அடுத்த நிலையமான அட்மிரல்ட்டியில் இறங்கி எதிர் ரயிலுக்காக நடைமேடையில் நின்றோம், நானும் காதோடு அவரும். என்ன சமையல் என்று கேட்டேன். நஸீமா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இன்று அவளிடம் கேட்டுவிட்டு நாளைக் காலையில் சொல்கிறேன் என்றேன்.